நீலக் கான்கிரீட்டும் வீட்டுக் காற்றும்

தில்லியில் அரசாங்கக் குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழ் அன்பர்களுக்கு ‘ரோஷன்தான்’ என்பது பழகிய சொல். பழைய கட்டிடங்களில் கூரையை ஒட்டினாற்போல், சுவரின் உச்சியில் அமைந்திருக்கும் சிறு சாளரம் அது. வெளிச்சத்துக்கென்று பெயர் பெற்றதாயினும் காற்றுக்கே அது மிகுதியும் பயன்பட்டு வந்தது. மேலே எழும் வெப்பக் காற்று அதன் வழியே வெளியேறும்; கீழே கதவிடுக்கு வழியாகப் புதுக் காற்று நுழையும். குருவிகள் கூடு கட்டுவதைத் தவிர அதனால் வேறு தொல்லை இருந்ததாக நினைவில்லை.

சென்ற கோடையில், எங்கள் மாடிக் குடியிருப்பில் அடுத்த வீட்டு நண்பர் குளிர்சாதனப் பொறி ஒன்று வாங்கிப் பொருத்தினார். பொருத்திய மறுநாளே ரோஷன்தான்கள் அத்தனையையும் அட்டை வைத்துச் சிமெண்டு பூசி அடைத்துவிட்டார். “காசு கொடுத்து வாங்கிய குளிர்ச்சியை ஏன் சார் வெளியே விடவேண்டும்?” என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். அந்த வாரம் என் மேசையின்மீது, கட்டிடப் பொருள்களிலுள்ள கதிரியக்கத்தைப் பற்றிய ஒரு கட்டுரையின் மொழிபெயர்ப்பு பாதி முடிந்த நிலையில் கிடந்தது. விஞ்ஞானம் பயின்றவன் அல்லேன் நான், இலக்கிய மாணவன். ஆதலின் ஒரு சொல்லுக்குப் பொருள் காண நான்கு நூல்களைப் புரட்ட வேண்டியதாயிற்று. புரட்டிய இடத்தில் கண்ட வரலாறு ஒன்றையே இன்று நேயர்களுக்குச் சொல்ல முற்படுகிறேன். இதுவும் அடைக்கப்பட்ட சாளரங்களைப் பற்றிய கதைதான்.

ரேடான் என்பது ஒரு வாயு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. பூமியின் கல்லிலும் மண்ணிலும் எங்கும் சிறிதளவு யுரேனியம் கலந்திருக்கிறது. அது படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியம் சிதைந்து ரேடானாகிறது. யுரேனியமும் ரேடியமும் திடப்பொருள்கள், கல்லுக்குள்ளேயே கிடப்பவை. ரேடானோ வாயுவாதலால், பிறந்தவுடன் கல்லின் நுண்ணிய துளைகள் வழியே நழுவி வெளிவர வல்லது. 3.8 நாள்களில் அதன் அளவில் பாதி அழிந்துவிடும். திறந்த வெளியில் வந்த ரேடான் காற்றோடு கலந்து ஒன்றுமில்லாமற் போகிறது. அடைத்த இடத்தில் வந்து சேர்ந்தால் தங்கிச் சேர்கிறது. இந்த ஒரு வேறுபாட்டில்தான் முழு வரலாறும் அடங்கியிருக்கிறது.

இவ்வாயுவுக்குப் பெயர் சூட்டுவதற்குச் சுமார் முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே அதற்குப் பலியானோர் உண்டு. ஜெர்மனிக்கும் பொஹீமியாவுக்கும் இடையே நிற்கும் மலைத்தொடருக்குத் ‘தாது மலை’ என்றே பெயர். அதன் ஒரு புறத்தில் ஷ்னீபெர்க், மறு புறத்தில் யோவாகிம்ஸ்தால். இரண்டும் வெள்ளிச் சுரங்க ஊர்கள். யோவாகிம்ஸ்தாலில் அடித்த வெள்ளி நாணயம், ஊர்ப் பெயரின் வால் ஒட்டிக்கொண்டு ‘தாலர்’ எனப்பட்டது. அதுவே பின்னர் ‘டாலர்’ என்று உருமாறி உலகை வலம் வந்தது. அவ்வூரில் 1527-ஆம் ஆண்டு முதல் சில காலம் நகர மருத்துவராக இருந்தவர் ஜார்ஜ் அக்ரிக்கோலா. சுரங்கத் தொழிலைப் பற்றி அவர் இலத்தீன் மொழியில் எழுதிய பெருநூல், அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1556-இல் வெளிவந்தது. சுரங்கத் தொழிலாளரை இளம் வயதிலேயே கொண்டுபோகும் மார்பு நோயை அதில் அவர் குறிப்பிடுகிறார். கார்பேத்திய மலைச் சுரங்கப் பகுதியில், ஒருவர் பின் ஒருவராக ஏழு கணவரை மணந்து எழுவரையும் இந்நோய்க்குப் பறிகொடுத்த பெண்கள் இருந்தனர் என்று அவர் எழுதும்போது, மருத்துவ நூலைப் படிக்கிறோமா ஒப்பாரியைக் கேட்கிறோமா என்ற மயக்கம் உண்டாகிறது.

கல்தூசியே நோய்க்குக் காரணம் என அக்ரிக்கோலா எண்ணினார். காரணம் முற்றும் சரியன்று. ஆயினும் மருந்து சரியாகவே இருந்தது. அதே நூலில், சுரங்கத்துக்குள் காற்றுச் செலுத்தும் பொறிகளை அவர் படங்களோடு விளக்கியிருக்கிறார். சுரங்க வாயில்மீது காற்றைப் பிடித்து உள்ளே திருப்பும் பலகைகள், சுழலும் விசிறிச் சக்கரங்கள், பெரிய துருத்திகள் எனப் பல வகை. ரேடானைக் குறைக்க இன்றைய பொறியியலர் செய்வதன் அடிப்படை இதுவேயாம். காற்றை ஓடவிடு என்பதை 1556-இலேயே அச்சிட்டுவிட்டார்கள்.

இந்நோய் நுரையீரலில் தோன்றும் புற்று என்று கண்டுகொள்ள 1879 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஹெர்டிங், ஹெஸ்ஸே என்ற இரு மருத்துவர்கள் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளரின் உடல்களை ஆராய்ந்து அம்முடிவை வெளியிட்டனர். இந்த ஹெஸ்ஸே வேறொரு வகையிலும் நமக்கு அறிமுகமானவரே. ஆய்வுச்சாலையில் நுண்ணுயிரை வளர்க்கக் கடற்பாசிக் கூழ் ஏற்றது என்று யோசனை கூறிய ஃபேனி அம்மையார் அவருடைய மனைவி. நோன்புக் காலத்தில் இஸ்லாமிய நண்பர் வீட்டில் கடற்பாசி உண்டவர்கள் அவ்வம்மையாரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம்.

நிற்க. புற்று என்று தெரிந்தது. எதனால் என்று தெரியவில்லை. பாறையிலுள்ள பாஷாணம் என்றனர் சிலர். தூசி என்றனர் வேறு சிலர். அதற்கிடையே யோவாகிம்ஸ்தாலின் தாது பாரிஸுக்குப் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்துதான் கியூரி தம்பதியர் 1898-ஆம் ஆண்டில் பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டுபிடித்தனர். மறு ஆண்டு கனடாவில் ரதர்ஃபோர்டும் ஓவன்ஸும், தோரியத்திலிருந்து கதிரியக்கமுள்ள ஏதோவொன்று காற்றோடு காற்றாய்க் கசிவதைக் கவனித்தனர். 1900-இல் ஜெர்மனியில் டோர்ன் என்பார், ரேடியத்திலிருந்தும் அவ்வாறே கசிகிறது என்று கண்டார். ‘கசிந்து வெளிப்படுவது’ என்னும் பொருளில் அதற்கு ‘எமனேஷன்’ என்றே நெடுநாள் பெயர் வழங்கிற்று. தமிழ்ச் செவிக்கு அதில் எமன் பெயர் ஒலிப்பது தற்செயலே. 1910-இல் ராம்சேயும் விட்லா கிரேயும் அதன் அடர்த்தியை அளந்து, ஒளிர்வது என்ற கருத்தில் ‘நைட்டான்’ என்றனர். ‘ரேடான்’ என்ற பெயர் 1923-இல் நிலைபெற்றது. ஒரு பொருளுக்கு மூன்று பெயர் என்றால் மொழிபெயர்ப்பாளன் பாடு எத்தகையது என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இனி நிகழ்ந்தது விந்தையிலும் விந்தை. கிணற்று நீரில் கதிரியக்கம் இருப்பதை 1903-இல் ஜே. ஜே. தாம்ஸன் கண்டறிந்தார். உடனே, வெந்நீர் ஊற்றுகளின் நோய் தீர்க்கும் குணத்துக்கு இதுவே காரணம் என்ற எண்ணம் பரவிற்று. 1906-ஆம் ஆண்டில் யோவாகிம்ஸ்தாலிலேயே ரேடான் நீராட்ட விடுதி தோன்றியது. சுரங்கத்துக்குள் அவ்வாயுவைச் சுவாசித்தவன் இருமிச் சாகிறான். அதே ஊரில் அதே வாயு கலந்த நீருக்குப் பணம் கொடுத்துச் செல்வர்கள் தொட்டியில் அமர்கிறார்கள். அமெரிக்காவில் ரேடியத் தாது பூசிய ஜாடிகள் விற்பனையாயின. இரவில் நீர் நிரப்பி வைத்தால் காலைக்குள் அதில் ரேடான் ஏறியிருக்கும். ரேடியமே கரைந்த நீரும் புட்டிகளில் விற்றது. அதைப் புட்டி புட்டியாகக் குடித்த எபன் பையர்ஸ் என்ற பெரும் வணிகர், தாடை எலும்பு அழுகி 1932-ஆம் ஆண்டில் மாண்டார். அதன்பின்னரே அந்த மோகம் தணிந்தது. தொழிலாளர் நூற்றுக்கணக்கில் இறந்தபோது அசையாத உலகம், ஒரு செல்வர் இறந்தபோது விழித்துக்கொண்டது என்று சொன்னால் அது கடுஞ்சொல் ஆகாது.

ரேடான் வாயுவைச் சுவாசித்தால் அதன் பெரும்பகுதி மூச்சுடன் திரும்பி வந்துவிடுகிறதே, அது எவ்வாறு புற்று விளைவிக்கும் என்ற ஐயம் 1951 வரை தீரவில்லை. அமெரிக்க ஆராய்ச்சியாளர் வில்லியம் பேல் அவ்வாண்டில் விடை கூறினார். தீங்கு செய்வது பெரும்பாலும் தாயன்று; அதன் மக்களே. ரேடான் சிதைந்தால் பொலோனியம் முதலிய திடப்பொருள்கள் பிறக்கின்றன. அவை காற்றிலுள்ள துகள்களில் ஒட்டிக்கொண்டு உள்ளே சென்று, மூச்சுக் குழாயின் மெல்லிய சவ்வில் படிந்து, அங்கேயே கதிர் வீசுகின்றன. கணக்கிட்டபோது, வாயுவால் மட்டும் வரும் தாக்குதலைப்போல் பன்மடங்கு இதில் இருந்தது.

இதுகாறும் சொன்னது சுரங்கத்தின் கதை. வீட்டுக்கு வருவோம். அதற்குச் சுவீடன் நாட்டுக்குச் செல்லவேண்டும்.

முதல் உலகப் போருக்குப் பின் சுவீடனில் விறகுக்கும் மரத்துக்கும் முட்டுப்பாடு. மரத்தைப்போல் இலேசாயும், வெப்பத்தைக் காப்பதாயும், ஆனால் தீப்பற்றாததாயும், உளுக்காததாயும் ஒரு கட்டிடப் பொருள் வேண்டுமென அங்குள்ள அறிஞர்கள் முயன்றனர். ஆக்ஸல் எரிக்ஸன் என்ற கட்டிடக் கலைஞர் 1920-களின் முற்பகுதியில் அதைக் கண்டுபிடித்தார். செய்முறை நம்மவர்க்கு எளிதில் விளங்கும். பொடித்த கல்லும் சுண்ணாம்பும் நீரும் சேர்த்துக் கரைத்த மாவில் சிறிதளவு அலுமினியப் பொடி இட்டால், வாயு உண்டாகி மாவு பொங்குகிறது. பொங்கிய மாவைத் துண்டுகளாக அறுத்து, அழுத்தமிகு நீராவியில் வேகவைத்து எடுக்கிறார்கள். புளித்த மாவை ஆவியில் வைத்து இட்டிலி வார்ப்பதற்கும் இதற்கும் தத்துவத்தில் வேற்றுமை அதிகமில்லை. உள்ளெல்லாம் துளைகள், ஆகவே இலேசு, ஆகவே வெப்பம் காக்கும்.

சேர்மானமான கல்லில்தான் வினை இருந்தது. நெரிக்கே மாகாணத்தில் யூக்ஸ்ஹுல்ட் என்ற இடத்தில் 1929-ஆம் ஆண்டில் தொழிற்சாலை எழுந்தபோது, அங்கே கைக்கெட்டும் தூரத்தில் படிகாரப் பலகைக்கல் ஏராளமாகக் கிடந்தது. சுமார் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு அது. எரியும் பொருள் அதில் கலந்திருப்பதால், தானே எரிந்து சுண்ணாம்புக் காளவாய்க்கு எரிபொருளாகும். எரிந்த சாம்பல் கான்கிரீட்டுக்கு உதவும். எரிபொருளும் அதுவே, சரக்கும் அதுவே. விலையோ மலிவு. அக்கான்கிரீட்டு நீலச் சாம்பல் நிறமாய் இருந்தமையால் ‘நீலக் கான்கிரீட்’ எனப் பெயர் பெற்றது.

அக்கல்லில் யுரேனியமும் இருந்தது. எவ்வளவு என்று கேட்டால் ஒரு செய்தி போதும்: சுவீடன் அரசு 1965 முதல் 1969 வரை ரான்ஸ்டாட் என்னுமிடத்தில் யுரேனியத்துக்காகவே சுரங்கம் தோண்டியது இதே வகைப் பலகைக்கல்லில்தான். ஒரு தொழிற்சாலை அக்கல்லிலிருந்து யுரேனியத்தைப் பிரித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், வேறு தொழிற்சாலைகள் அதனைச் சுவராக்கிக் குடும்பங்களைச் சுற்றி எழுப்பிக்கொண்டிருந்தன.

கட்டியவரைத் தீயவர் என்று சொல்வதற்கில்லை. இரண்டாம் உலகப் போருக்குப்பின் சுவீடனின் நகரங்களில் வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடிற்று. இளம் தம்பதியர் பெற்றோர் வீட்டு அறைகளில் நெருக்கியடித்துக் கிடந்தனர். 1965-லிருந்து 1974-க்குள் பத்து இலட்சம் வீடுகள் கட்டுவதென்று அரசு உறுதி பூண்டது. ஏறத்தாழக் கட்டியும் முடித்தது. அந்தக் காலத்து மாடிக் கட்டிடங்களில் நீலக் கான்கிரீட்டும் இடம் பெற்றது. வெளியூரில் வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும்: சாவி கையில் விழுந்த நாளில் சுவர் எதனாலானது என்று எவரும் கேட்பதில்லை.

ஆனால் ஒருவர் கேட்டார். கதிரியக்கத் தாக்கத்தின் அலகுக்கே இன்று பெயராகியிருக்கும் ரால்ஃப் சீவெர்ட் சுவீடன் நாட்டவர். அந்நாட்டில் இத்துறை தழைக்க வழி செய்தவர் அவர். பெங்ட் ஹுல்ட்க்விஸ்ட் என்ற இளைஞர் இருநூறுக்கு மேற்பட்ட வீடுகளில் கருவியோடு நுழைந்து, சுவர்களின் கதிர்களையும் அறைக் காற்றின் ரேடானையும் அளந்தார். 1956-ஆம் ஆண்டில் அவருடைய ஆய்வு அச்சேறிற்று. மரவீடுகளைக் காட்டிலும் செங்கல் வீடுகளிலும், எல்லாவற்றினும் மிகுதியாகப் படிகாரப் பலகைக்கல் வீடுகளிலும் கதிரியக்கம் இருந்தது. காற்றோட்டம் குறைந்த வீட்டில் ரேடான் கூடியிருந்தது. வீட்டுக் காற்றில் ரேடான் உண்டென்பதை முறையாக அளந்து உலகுக்குச் சொன்ன முதல் ஆய்வுகளுள் இது தலையாயது.

அதன்பின் நிகழ்ந்தது என்ன? ஒன்றுமில்லை. சுரங்கத்தில் இருப்பதைவிட இது மிகக் குறைவு என்றனர் நிபுணர். இது சுவீடனின் தனிப்பட்ட கல்லைப் பொறுத்தது, மற்ற நாடுகளுக்குக் கவலையில்லை என்று வெளிநாட்டார் எண்ணினர். ஹுல்ட்க்விஸ்ட் மறு ஆண்டே வடகோடியிலுள்ள கிருனா நகருக்குச் சென்று, துருவ ஒளியையும் விண்வெளியையும் ஆராய்ந்து புகழ் பெற்றார். நீலக் கான்கிரீட்டின் உற்பத்தி மேலும் 19 ஆண்டுகள் நடந்தது.

அந்த அலட்சியத்துக்கு ஓர் ஆதாரம் இருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அக்காலத்து வீடுகளில் ஓட்டை உடைசல்கள் இருந்தன. சாளரச் சட்டங்களின் இடுக்கில் குளிர்காற்று சீறும். அறையின் காற்றோடு ரேடானும் போய்விடும். 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி இதை மாற்றிற்று. எண்ணெய் எரித்து வீட்டைச் சூடாக்கும் குளிர்நாட்டில், எண்ணெயின் விலை பன்மடங்கானால் என்ன செய்வர்? இடுக்குகளை அடைத்தனர், சாளரங்களுக்கு இரட்டைக் கண்ணாடி, மும்மைக் கண்ணாடி இட்டனர், விசிறிகளின் வேகத்தைக் குறைத்தனர். சேமிப்பதே நாட்டுப் பற்று என்று அறிவுரையும் கூறப்பட்டது. சுவர் கசிவது மாறாதிருக்க, அறையின் காற்று மாறும் வேகம் பாதியானால் ரேடானின் அளவு இரு மடங்காகும். கால்பங்கானால் நான்கு மடங்கை நெருங்கும். என் நண்பர் சிமெண்டு பூசி அடைத்த ரோஷன்தான் எனக்கு மீண்டும் மீண்டும் நினைவுக்கு வந்தது இவ்விடத்தில்தான். அவரும் சேமிக்கத்தானே நினைத்தார்!

1975-இல் நீலக் கான்கிரீட் உற்பத்தி நின்றது. 1979-ஆம் ஆண்டில் சுவீடன் அரசு இதற்கெனத் தனிக் குழு அமைத்தது. அடுத்த ஆண்டிலிருந்து வீட்டு ரேடானுக்கு வரம்புகள் வந்தன. அவை படிப்படியாக இறுகி, ஒரு கன மீட்டர் காற்றுக்கு 200 பெக்கரல் என்ற அளவில் நின்றன. ஒரு விநாடிக்கு ஓர் அணு சிதைவது ஒரு பெக்கரல். ஹுல்ட்க்விஸ்டின் நூலுக்கும் அரசின் குழுவுக்கும் இடையே 23 ஆண்டுகள். அதற்குள் பிறந்த குழந்தை வளர்ந்து மணம் செய்துகொண்டிருக்கும். பெரும்பாலும் அதே வகை வீட்டில்.

இனி, எவ்வாறு குறைத்தனர் என்பது. ரேடான் வீட்டுக்குள் வரும் வழி இரண்டு: நிலத்திலிருந்து வருவது ஒன்று, சுவரிலிருந்து வருவது மற்றொன்று. நிலத்து ரேடான் அடித்தள வீடுகளைத் தாக்கும். வீட்டினுள் வெப்பக் காற்று மேலே எழுந்து செல்வதால் கீழே இலேசான உறிஞ்சுதல் உண்டாகி, தளத்தின் விரிசல்கள், குழாய் நுழையும் பொந்துகள் வழியாக மண்ணின் காற்று ஏறி வரும். இதற்கு மருந்து, தளத்தில் துளையிட்டுக் குழாய் இறக்கி, சிறு விசிறி கொண்டு மண்ணின் காற்றை வீட்டுக்குள் வரவிடாமல் உறிஞ்சி, கூரைக்கு மேலே விட்டுவிடுவது. சரளை மண்ணுள்ள இடங்களில் சுவீடன் பொறியியலர் கட்டிடத்துக்கு வெளியே கிணறு போன்ற குழி எடுத்து, அதிலிருந்து காற்றை இழுத்தனர். நீர் இறைக்காமல் காற்று இறைக்கும் கிணறு! ஒரு கிணற்றால் சுற்றியுள்ள பல வீடுகள் பயன் பெற்றதுண்டு.

சுவர் கசிந்தால் இந்த உபாயம் செல்லாது. ஆறாம் மாடிக்காரர் தம் தரையில் துளையிட்டால் ஐந்தாம் மாடிக்காரரின் கூடந்தான் தெரியும். சுவரை இடித்து அகற்றலாமென்றால் கட்டிடமே அதன்மேல் நிற்கிறது. வண்ணமும் கெட்டிக் காகிதமும் ஒட்டிப் பார்த்தனர். ஒரு விரிசல், ஓர் ஆணித்துளை, பூசாத ஒரு மூலை போதும், வாயு அவ்வழியே வந்துவிடும். கடைசியில் அக்ரிக்கோலாவின் விசிறிச் சக்கரத்துக்கே திரும்பினர். அறையின் காற்று ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கொரு முறை முழுதும் மாறினால், பெரும்பாலான நீலக் கான்கிரீட் வீடுகளில் ரேடான் வரம்புக்குள் அடங்கிற்று. ஆனால் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் விசிறி மட்டும் வைத்து, உள்ளே வர வழி விடாவிட்டால், கீழ் வீடுகளில் மண்ணின் காற்று இன்னும் வேகமாக ஏறிவிடும். மேல்மாடிக்கு மருந்தானது கீழ்மாடிக்கு நஞ்சாகும். ஆகவே, வெளியேறும் அளவுக்குப் புதுக் காற்றும் உள்ளே வரும்படி இரட்டைக் குழாய்கள் அமைத்தனர். வெளியேறும் வெப்பக் காற்று, உள்ளே வரும் குளிர்காற்றைத் தொடாமலே சூடேற்றிச் செல்லும்படி நடுவில் ஒரு பொறியையும் வைத்தனர். எண்ணெயும் மிஞ்சிற்று, மூச்சும் மிஞ்சிற்று. 1973-இல் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்று எண்ணியிருந்தனர்.

இயந்திரத்தைக் காட்டிலும் கடினமாயிருந்தது மனிதரை ஒன்று சேர்ப்பதே. தனி வீட்டுக்காரர் தாமே முடிவு செய்துகொள்வார். அரசின் மானியமும் அங்கே தனி வீட்டுக்காரரையே நாடிச் சென்றது. மாடிக் கட்டிடத்தில் குடியிருப்பவர் ஒருவர், உடையவர் வேறொருவர், காற்றுக் குழாயோ எல்லார்க்கும் பொது. எனவே அளக்கும் கடமையைச் சட்டம் உடையவர்மீது சுமத்தியது. அளக்காவிட்டால் கட்டளையிடும் உரிமை நகராட்சிக்கு இருந்தது. வீட்டை அடைத்து வாழும் குளிர்ப் பருவத்தில், குறைந்தது இரண்டு மாதம், ஒரு சிறு டப்பியை அறையில் வைத்துவிட வேண்டும். அதற்குள்ளிருக்கும் பிளாஸ்டிக் ஏட்டில் கதிர்கள் விட்டுச் செல்லும் தடங்களைப் பின்னர் எண்ணுவர். நிலத்தைத் தொடும் வீடுகள் அனைத்திலும், மேல் வீடுகளில் ஐந்தில் ஒன்றிலேனும் வைக்கவேண்டும் என்பது அங்கே வகுத்த முறை. ஒருவர் வீட்டு எண்ணை வைத்து அடுத்தவர் வீட்டைத் தீர்மானிக்க முடியாது என்பதை அனுபவம் கற்பித்திருந்தது.

‘சுவீடனின் கவலை’ என்று இதனை ஒதுக்கிய உலகம் 1984-ஆம் ஆண்டு டிசம்பரில் திடுக்கிட்டது. அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாநிலத்தில், இன்னும் மின்சாரம் உண்டாக்கத் தொடங்காத ஓர் அணுமின் நிலையத்தில், பொறியாளர் ஒருவர் காவல் கருவியைக் கடக்கும்போதெல்லாம் எச்சரிக்கை மணி அடித்தது. வெளியே போகும்போது மட்டுமன்று. காலையில் வேலைக்கு வரும்போதே அடித்தது. வீட்டைச் சோதித்தால், ஒரு கன மீட்டருக்குச் சுமார் ஓர் இலட்சம் பெக்கரல்! வீட்டின் அடியிலிருந்த பாறையே காரணம். குடும்பம் சில மாதம் வெளியேறி, தளத்தடியில் குழாயும் விசிறியும் பொருத்தியபின் திரும்பி வந்தது. அணுமின் நிலையத்தைவிட வீடு அபாயமானது என்ற செய்தி நாளிதழ்களில் பரவிய பிறகு மற்ற நாடுகளும் தத்தம் வீடுகளை அளப்பதில் முனைந்தன.

1988-இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் ரேடானைப் புற்று விளைவிக்கும் பொருள் என்று உறுதி செய்தது. ஐரோப்பாவின் 13 ஆய்வுகளைத் திரட்டிய அறிக்கை 2005-இல் வெளிவந்தது. கன மீட்டருக்கு 100 பெக்கரல் கூடுந்தோறும் நுரையீரற் புற்றின் வாய்ப்பு சுமார் 16 விழுக்காடு கூடுகிறதென்றும், புகை பிடிப்பவருக்கு அவ்வாய்ப்பு மற்றவரினும் சுமார் 25 மடங்கு என்றும் அது கூறிற்று. சுவீடனில் மட்டும் ஆண்டுதோறும் சுமார் 500 பேரின் நுரையீரற் புற்றுக்கு ரேடான் காரணம் என மதிப்பிட்டிருக்கிறார்கள். அவருள் பெரும்பாலோர் புகை பிடித்தவர்கள். உலக சுகாதார நிறுவனம் 2009-இல், இயன்றால் 100, இயலாவிடில் 300-க்கு மேற்படாமல் என்று வரம்பு கூறிற்று.

நம் நாட்டைப் பற்றி ஒரு சொல். கதவும் சாளரமும் திறந்தே கிடக்கும் வீடுகளில் ரேடான் சேர்வதற்கு இடம் குறைவு. வெப்ப நாட்டில் பிறந்த பேறு அது. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளக் கடற்கரையிலும் கிடைக்கும் மோனசைட்டு மணலில் தோரியம் உண்டு. அதிலிருந்து வருவது ரேடானின் உடன்பிறப்பான தோரான். ஒரு நிமிஷத்துக்குள் பாதி அழிந்துவிடும் அற்பாயுள் அதற்கு. ஆதலின் நெடுந்தூரம் செல்லாது. ஆனால் தொழிற்சாலைக் கழிவைச் சுவராக்கும் வழக்கம் நம்மிடமும் வந்திருக்கிறது. உரத் தொழிற்சாலைகளில் மிஞ்சும் ஜிப்ஸத்தில் ரேடியம் உண்டு. அதைக் கட்டிடத்துக்குப் பயன்படுத்துவோர், கலவையில் கிராமுக்கு ஒரு பெக்கரலுக்குக் குறைவாகவே ரேடியம் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டுமென அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 2009-இல் விதி செய்தது. நீலக் கான்கிரீட்டின் சில வகைகளில் கிராமுக்கு இரண்டு பெக்கரலுக்கு மேலும் இருந்ததுண்டு. சுவீடன் சுவரைக் கட்டிவிட்டு அளந்தது. இங்கே அளந்துவிட்டுக் கட்டு என்று சொல்லியிருக்கிறார்கள். விதி நன்று. அதனை எத்தனை பேர் பார்த்துக் கட்டுகிறார்கள் என்பது வேறு கேள்வி.

என் நண்பரிடம் இக்கதையைச் சொன்னேன். எங்கள் குடியிருப்பின் சுவர் நீலக் கான்கிரீட் அன்று, பழைய செங்கல். ஆதலால் அவரை அச்சுறுத்த எனக்கு உரிமையில்லை, அச்சுறுத்தவும் இல்லை. “அப்படியானால் ஒன்றை மட்டும் திறந்துவிடுகிறேன், சார்” என்று சமையலறை ரோஷன்தானின் அட்டையை எடுத்துவிட்டார். மற்றவை அடைத்தபடியே இருக்கின்றன.

சுவீடனில் இலட்சக்கணக்கான மக்கள் இன்றும் அந்த நீலச் சுவர்களுக்கிடையே வாழ்கின்றனர். ரேடியத்தின் அளவு பாதியாகக் குறைய 1,600 ஆண்டுகள் வேண்டும். கட்டிடம் நிற்குமளவும் சுவரின் கசிவு குறையப்போவதில்லை. எனவே குழாய்களில் தூசி அடைந்ததா, விசிறி பழைய வேகத்தில் சுழல்கிறதா என்று பார்த்து, பத்து ஆண்டுக்கொரு முறை மீண்டும் டப்பி வைத்து அளக்கும்படி அங்கே அறிவுறுத்துகிறார்கள்.